முப்பத்தைந்தால் வகுத்தல்

உட்காருங்கள், பெனிட்டா. அந்தச் சன்னலோர நாற்காலியிலேயே உட்காருங்கள். குன்னூரில் அக்டோபர் மாதத்தில் மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் வேண்டுமென்றால் இந்த வீட்டில் அந்த ஓர் இடம்தான். தோட்டமும் தெரியும். பனி விலகினால் பச்சை வலை ஒன்றைப் பார்க்கலாம். சாருமதி பந்தடித்துப் பழகுவதற்காகக் கட்டியது. ஜூன் மாதத்திலிருந்து அதில் ஒரு பந்துகூட விழவில்லை.

மேலே கேட்கிறதல்லவா, டொக், டொக் என்று? அவள்தான். இது பழைய தேயிலைக் கம்பெனி பங்களா, மாடி முழுவதும் மரத்தளம். சின்ன மட்டையால் பந்தை உருட்டுகிறாள். அது சுவரோரம் வைத்த பித்தளைக் கோப்பையில் மோதும் சத்தம். வலது கையால் மட்டும் உருட்டுவாள். இடது மணிக்கட்டில் பட்டை இருக்கிறது. தினமும் ஐம்பது உருட்டாமல் நிறுத்த மாட்டாள். இப்போது பதினொன்று ஆகியிருக்கிறது.

எண்ணுவது என் பழக்கம், தவறாக நினைக்காதீர்கள். இருபத்தாறு ஆண்டுகள் கோயம்புத்தூரில் ஒரு மகளிர் கல்லூரியில் புள்ளியியல் நடத்தினேன். மகளுக்காக விருப்ப ஓய்வு பெற்றேன். அவள் அப்பாவுக்கு அசாமில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார். ஆகவே இங்கே நானும் அவளும் மட்டும்தான், வாசலில் காவலாளி மாதன்.

உங்களுக்கு முன்னால் இரண்டு இயன்முறை மருத்துவர்கள் இதே வேலைக்கு வந்தார்கள். ஒருவர் ஒன்பது நாள் இருந்தார், மற்றவர் நான்கு நாள். இருவரும் கெட்டிக்காரர்கள்தான். இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நீங்களும் கேட்பீர்கள். அதனால் நடந்ததை நானே வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது என்று இந்தமுறை முடிவு செய்திருக்கிறேன்.

கோல்ஃப் ஆட்டம் உங்களுக்குத் தெரியாதா? பரவாயில்லை. தரவரிசை மட்டும் தெரிந்தால் போதும். தொழிலாக ஆடும் பெண்கள் எல்லாரையும் ஒன்று, இரண்டு என்று நிறுத்திவைக்கும் உலகப் பட்டியல் ஒன்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெளியாகிறது. ஒருத்தி கடந்த இரண்டு ஆண்டுகளில் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு. புள்ளிகள் பதின்மூன்று வாரம் முழு மதிப்போடு நிற்கும். பிறகு வாரத்துக்கு வாரம் கரையும். இரண்டாண்டு முடிந்ததும் அந்தப் போட்டியே கணக்கிலிருந்து மறைந்துவிடும். ஜெயித்ததும் மறையும், தோற்றதும் மறையும். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. மனிதர்கள் அப்படி மறப்பதில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வகுத்து வருவது சராசரி என்பதால், மோசமாக ஆடினால் புள்ளி கூடாது, எண்ணிக்கை மட்டும் கூடும், ஆடியவள் இறங்குவாள். ஆடாமல் வீட்டில் இருந்தவளுக்கோ, பழைய தோல்விகள் ஒவ்வொன்றாக மறைந்து எண்ணிக்கை குறையும், அவள் ஏறுவாள். புரிகிறதல்லவா? ஆடாமலே ஏறலாம். என் மாணவிகளிடம் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

சென்ற பிப்ரவரியில் சாரு எழுபத்தெட்டாம் இடத்தில் இருந்தாள். மே மாதத்தில் ஒரு குறிப்பிட்ட திங்கட்கிழமைப் பட்டியலில் முதல் எழுபத்தைந்து இடங்களுக்குள் இருப்பவர்களுக்கு, ஆண்டின் மிகப் பெரிய போட்டி ஒன்றுக்கு நேரடி அழைப்பு. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் கனவில் இருந்த போட்டி. மூன்று இடம்தான் குறைவு. அவள் கணக்கில் நாற்பத்தோரு போட்டிகள், அறுபத்தாறு புள்ளிகள். சராசரி ஒன்று புள்ளி ஆறு ஒன்று. மே மாதத்துக்குள் மூன்று பழைய தோல்விகள் மறையவிருந்தன. இடையில் மூன்று போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஆடாமல் இருந்தால் ஒன்று புள்ளி ஆறு எட்டு, உள்ளே. மூன்றிலும் ஆடித் தோற்றால் ஒன்று புள்ளி ஐந்து ஆறு, வெளியே. கட்டம் போட்ட தாளில் எழுதி, சாப்பாட்டு மேசையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“என்னம்மா இது, பரீட்சை ஹால் பிளானா?” என்றாள்.

படித்துப் பார்த்தாள். தோசையை மென்றுகொண்டே, “ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஆடாட்டி ஒண்ணு, ஆடித் தோத்தா ஒண்ணு. நான் ஜெயிச்சா?” என்று கேட்டாள்.

“நூற்றில் மூன்று” என்றேன்.

“என்னது நூத்துல மூணு?”

“நீ ஜெயிப்பதற்கான வாய்ப்பு. உன்னுடைய நாற்பத்தோரு ஆட்டங்களையும் வைத்து மதிப்பிட்டது. சற்றுத் தாராளமாகவே போட்டிருக்கிறேன்.”

“மூணு இருக்குல்லம்மா? அந்த மூணுக்கு ஒரு கட்டம் போடலாம்ல?”

மூன்றுக்கெல்லாம் கட்டம் போட்டால் தாள் போதாது என்றேன். அவள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். தோசையில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனாள். ஆடத்தான் போகிறேன் என்று போகும்போது சொன்னாள்.

சூடாக இருக்கும்போதே காபியைக் குடியுங்கள். இருபத்து நான்கு. கேட்டீர்களா? இன்று கொஞ்சம் வேகமாகவே உருட்டுகிறாள்.

அடுத்த வாரம் மழையில் பழகியதில் இடது மணிக்கட்டு லேசாகச் சுளுக்கிக்கொண்டது. அவளே சொன்னாள். நான் கிளப்பிவிட்டதல்ல, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தாள். காரில் சில்வெஸ்டரும் போயிருந்தார். அவளுக்குப் பதினோரு ஆண்டுகளாக மட்டைப் பை சுமப்பவர், தூரம் சொல்பவர். அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். முதன்முதலில் அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது மாதன் ஓடிவந்து, “அம்மா, ஒரு ஆளு வந்து ‘நான் கேடி’ங்கிறான். நெசமான கேடின்னா அவனே சொல்லுவானாம்மா?” என்று கேட்டான். நாங்கள் வெகுநாள் சிரித்த கதை அது.

ஸ்கேன் அறிக்கை என் மின்னஞ்சலுக்கு வந்தது. எல்லாமே எனக்குத்தான் வரும். பதினைந்து வயதிலிருந்து விசா, விமானச்சீட்டு, போட்டிக்குப் பெயர் கொடுப்பது, விலகுவது, எல்லாம் நான்தான். அவள் எந்தத் தாளையும் படித்ததில்லை, ஆடினால் போதும் என்று வளர்த்தேன். மலையேறிவரும் வழியில் தொலைபேசியில் அழைத்து, “என்னம்மா சொல்றாங்க?” என்றாள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பழைய வீக்கம் லேசாகத் தெரிகிறது. தசைநாரில் புதிய கிழிசல்...

அந்த இடத்தில் நிறுத்தினேன்.

ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளத் தமிழில் இடம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேச்சு எப்போதும் விட்டு விட்டுத்தான் கேட்கும். நிறுத்தியது நானா, சிக்னலா என்று யாரால் சொல்ல முடியும்? “கிழிஞ்சிருக்காம்மா? அம்மா? கிழிஞ்சிருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்றேன். நான் பொய் சொல்லவில்லை, பெனிட்டா. ஒரு சொல்லை வாசிக்கவில்லை. அவ்வளவுதான்.

மூன்று போட்டிகளிலிருந்தும் விலகுவதாக அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கிழிசல் ஆறப் பட்டை கட்டினோம், எட்டு வாரம். குளிக்கும்போது நானே அவிழ்த்துவிடுவேன், நானே கட்டுவேன். தலை பின்னிவிட்டேன், சோறு பிசைந்து கொடுத்தேன். குழந்தையாக இருந்தபோதுகூட அவள் என்னிடம் அவ்வளவு ஒட்டிக்கொண்டு இருந்ததில்லை. அந்த எட்டு வாரங்களைத்தான் என் வாழ்க்கையின் நல்ல காலம் என்று சொல்வேன். எழுபத்தேழு, எழுபத்தேழு, எழுபத்தாறு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் போட்ட கணக்கு தசமப் புள்ளி பிசகாமல் வந்தது.

சில்வெஸ்டர் ஒருவர்தான் ஒத்துவரவில்லை. ஒருநாள் இதே அறையில், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். “அம்மா, பாப்பா கையில ஒண்ணும் இல்லீங்க” என்றார்.

“நீங்கள் டாக்டரா?”

“இல்லீங்க, கேடிங்க. பதினோரு வருசமா பின்னாடியே நடக்குறேன். கையில நோவு இருந்தா பந்து வலது பக்கமா ஓடும். சுளுக்குன மறுநாளும் பாப்பா அடிச்சது நூல் புடிச்ச மாதிரி போச்சு. பட்டையைக் கழட்டிருங்கம்மா. ரொம்ப நாள் கட்டிவெச்சா கை மறந்துரும்.”

அவரை அன்றோடு நிறுத்திவிட்டேன். மாதனிடம், இனி அந்த ஆள் நீ முதலில் நினைத்த அதே கேடிதான், உள்ளே விடாதே என்று சொல்லிவைத்தேன். வாசல் நோட்டைப் புரட்டினால் தெரியும். ‘கேடி வந்தான். விடவில்லை.’ எல்லாத் திங்கட்கிழமைகளிலும் அதே வரி. மாதனின் கையெழுத்து எனக்கு மனப்பாடமாகிவிட்டது. திங்கட்கிழமை பட்டியல் வரும் நாள் என்று அந்த மனிதருக்கும் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

மே மாதப் பட்டியலில் எழுபத்து நான்கு. அழைப்பு வந்தது. சாரு அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். அவள் படித்த முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும். “ஆடாமயே வந்துட்டேன்ல?” என்றாள். ஆமாம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஜூன் மாதம் அந்தப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். சில்வெஸ்டர் இல்லாததால், பை சுமக்க அந்த ஊரில் யாரையோ அமர்த்தினோம். முதல் இரண்டு குழிகள் ஒழுங்காக ஆடினாள். மூன்றாவதில் மட்டையைப் பின்னால் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். இறக்கவில்லை. நான் எண்ணினேன், ஒன்பது நொடி. பிறகு மட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தில் என்னைத் தேடினாள். “அம்மா, கிழிஞ்சிடும்” என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் சொன்னதுகூட எனக்குக் கேட்டது. அதன் பிறகு அடித்ததெல்லாம் பாதி அடி. இரண்டாம் நாள் முடிவில் கடைசிப் பாதிப் பேரை வெட்டிவிடுவார்கள். வெட்டப்பட்டவர்களில் கடைசியாக இருந்தாள்.

அதிலிருந்து பட்டை கழலவில்லை. இப்போது அதைக் கட்டுவது நானல்ல. என்னைத் தொட விடுவதில்லை. மூன்று மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, தசைநார் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அவளிடம் சொன்னால், “முதல்ல கிழிஞ்சது எப்படி ஆறுச்சு? எந்தத் தேதியில ஆறுச்சு?” என்று கேட்கிறாள். அதற்கு அவர்கள் முதல் ஸ்கேன் அறிக்கையைக் கேட்கிறார்கள். உங்களுக்கு முன்னால் வந்த இரண்டு பெண்களும் கேட்டது அதைத்தான். அறிக்கை எங்கே?

இதோ, இந்த உறையில் இருக்கிறது. நீங்கள் படிக்கலாம். படித்துவிட்டு என்னிடமே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் முகம் மாறுகிறது. அந்த இருவரின் முகமும் இப்படித்தான் மாறியது. ‘இதை அவளிடம் காட்டினால் ஒரே நாளில் சரியாகிவிடும்’ என்பீர்கள். காட்டினால் கை சரியாகலாம். ஆனால் நான்? இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் எல்லாத் தாள்களையும் நான்தான் வாசிக்கிறேன். ஒரு தாளில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால், மற்ற தாள்களையும் கேட்பாள். பதினாறாம் வயதில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த கடிதத்தைக் கேட்பாள். தேவையில்லாமல் ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

ஆகையால் உங்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறிய விஷயம். ‘கிழிசல் ஆறிவிட்டது’ என்று சொல்லுங்கள். ‘கிழிசலே இருந்ததில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டுக்கும் விளைவு ஒன்றுதானே? ஒரு தேதியைச் சொல்லுங்கள், செப்டம்பர் பத்தொன்பது என்பதுபோல. தேதி சொன்னால் நம்புவாள், அந்த விஷயத்தில் என் மகள்தான்.

அவசரம் ஏன் என்றால், தரவரிசையில் இன்னொரு விதி இருக்கிறது. ஒருத்தி எவ்வளவு குறைவாக ஆடியிருந்தாலும் முப்பத்தைந்தால் வகுப்பார்கள். அதற்குக் கீழே வகுக்க மாட்டார்கள். ஒரே ஒரு போட்டி ஆடிவிட்டு உச்சியில் போய் உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா? சென்ற வாரம் அவள் எண்ணிக்கை சரியாக முப்பத்தைந்து, இடம் தொண்ணூற்றாறு. இன்று மாலை வரும் பட்டியலில் முப்பத்து நான்கு ஆகும். ஆனாலும் முப்பத்தைந்தால்தான் வகுப்பார்கள். இதுவரை ஓய்வு எங்களைத் தாங்கிப் பிடித்தது. இனிமேல் எத்தனை தோல்வி மறைந்தாலும் உதவாது. புள்ளி கரைவது மட்டும் நடக்கும். நூறு, நூற்று இருபது, இருநூறு. அடுத்த மாதம் வெளிநாட்டில் நடக்கும் ஒரு போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அதில் அவள் ஆடியே ஆகவேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு ஒரு அழைப்பும் வராது. அவளுக்கு இருப்பது இது ஒன்றுதான், பெனிட்டா. வேறு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

என்ன? கீழே பேசுவது மேலே கேட்குமா என்றா கேட்கிறீர்கள்?

மேலே நடப்பது கீழே கேட்கும் என்பது தெரியும். மறுபக்கத்தை நான் சோதித்துப் பார்த்ததில்லை.

முப்பத்தொன்று. ஆமாம், முப்பத்தொன்றோடு நின்றிருக்கிறது. எப்போது நின்றது என்று கவனித்தீர்களா? நான் மின்னஞ்சல் வந்ததைச் சொல்லத் தொடங்கியபோது முப்பது கேட்டது. தமிழில் கடைசியில்தான் வரும் என்றபோது முப்பத்தொன்று. அதன் பிறகு நான் எண்ணவில்லை. நான் எண்ணத் தவறுவதில்லை. ஆகவே அதன் பிறகு உருட்டவில்லை.

இது பின்படிக்கட்டுச் சத்தம். வெறுங்காலோடு இறங்குகிறாள். சமையலறைக் கதவு. சாரு? சாரு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போம்மா, வெளியே பனி!

கேட்கவில்லை போலிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், உங்கள் டாக்ஸி உள்ளே வந்தபோது வாசல் கதவுக்கு அருகில் பச்சைக் குல்லாய் போட்ட ஒருவர் நின்றாரா? ஐம்பது வயது இருக்கும். நின்றாரா. உங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாதன் உள்ளே வந்துவிட்டான். கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தானா என்று நான் கேட்கவில்லை.

ஷ்ஷ். கேளுங்கள்.

அடடா. கேட்டீர்களா அந்த அடியை? இது சின்ன மட்டை அல்ல. ஏழாம் எண் இரும்பு மட்டை. அந்தச் சத்தம் ஒரு கையால் வராது, இரண்டு கையும் சேர்ந்தால்தான் வரும். பந்து வலையில் விழுந்ததும் கேட்டதல்லவா, பொத்தென்று? நான்கு மாதத்துக்குப் பிறகு! பெனிட்டா, நீங்கள் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கை சரியாகிவிட்டது. இன்று தேதி என்ன? எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அதே அடி. ஆனால் வலைச் சத்தம் கேட்கவில்லை. கூரை ஓட்டில் ஏதோ பட்டு உருள்கிறது, இல்லையா?

பேச்சுக் குரல். ஆணின் குரல். நீங்கள் சன்னலோரம் இருக்கிறீர்கள், உங்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். “முப்பத்தஞ்சு கஜம், பாப்பா. காத்து இல்ல.” அதைத்தானே சொன்னார்? தூரம் சொல்கிறார். வலை அவ்வளவு தூரத்தில் இல்லை. வலை பதினைந்து கஜம்தான். அளந்து கட்டச் சொன்னவள் நான். அவள் நிற்கும் இடத்திலிருந்து முப்பத்தைந்து கஜம் என்றால், வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். அந்தப் பக்கம் இந்த வீட்டைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டிலும் இப்போது விளக்கு எரிவது இந்த ஒரு சன்னலில்தான்.

அந்தக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை மெதுவாக என் பக்கம் தள்ளிக்கொண்டு வாருங்கள். முதல் பந்து வலைக்கு, கையைச் சோதிக்க. இரண்டாவது கூரைக்கு, தூரத்தைச் சோதிக்க. அவள் எப்போதும் அப்படித்தான், மூன்றாவதை வீணாக்க மாட்டாள்.

கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், பெனிட்டா. இந்தத் தூரத்தில் என் மகள் குறி தவறுவதற்கான வாய்ப்பு நூற்றில் மூன்றுதான்.